மென்பொருட் பொதியின் கதை

தாராவியில் தைத்த தோற்பை, கடைக்குச் செல்லுமுன் விவரச் சீட்டுடன் பொதியப்படுவதை நாம் அறிவோம். கணினியின் மென்பொருளுக்கும் இத்தகைய பொதி உண்டு.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அதன்மீது இயங்கும் செயலிகளைத் தொடக்கத்தில் பலர் மூலநிரலிலிருந்து தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. துணைநிரல் ஒன்று குறைந்தாலும் உழைப்பு வீணாயிற்று. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். டெபியன் பொதியில் செயலியோடு, அதற்கு வேண்டிய பிற பொதிகளின் பட்டியல், உரிம விவரம், மாற்றக் குறிப்பு, பேணுநர் பெயர் ஆகியனவும் இடம்பெறலாயின.

நம் நாட்டிலும் இம்முயற்சி தழைத்தது. மும்பை ஜூஹூவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், இண்டிக்ஸ் திட்டத்தின் வாயிலாக லினக்ஸில் இந்திய எழுத்துகளைத் தோன்றச் செய்ய முனைந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை 2007-இல் வெளியிட்டது.

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழருக்கு இதனால் ஆவதென்ன? திரையிற் காணும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் இப்பொதிகளிலேயே வருகின்றன. பேணுநர் விலகினால் டெபியனில் அப்பொதி 'அநாதை' எனக் குறிக்கப்படும். ஏற்பார் இல்லையேல் பின்னர் நீக்கப்படவும் கூடும். அதனுடன் தமிழும் நீங்கும். ஆதலின் சொல்லாக்கத்திற்கு நல்கும் உழைப்பில் ஒரு பங்கைப் பொதி பேணுவதற்கும் நம் இளைஞர் ஒதுக்குவாராக.