கண்களுக்குப் பயிற்சியும் ஓய்வும்: எது பலன் தரும், எது தராது?

காலையில் எழுந்ததும் செல்போன், பகலில் கணினி, மாலையில் பிள்ளைகளின் பாடப் புத்தகம், இரவில் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ கால். இன்று நம் வீடுகளில் கைகால்களை விட அதிகம் உழைப்பவை கண்கள்தான். கை வலித்தால் தைலம் தேய்க்கிறோம். கண் எரிந்தால் மட்டும் ஒருமுறை கசக்கிவிட்டு மறுபடியும் திரையையே பார்க்கிறோம்.

கண் எரிச்சல், உறுத்தல், நீர் வடிதல், மாலையில் நெற்றிவலி, சிறிது நேரம் பார்வை மங்கித் தெளிதல், கழுத்திலும் தோளிலும் இறுக்கம் ஆகியவை கண் களைப்பின் அறிகுறிகள். பெரும்பாலும் சில எளிய பழக்கங்களாலேயே இவை குறைந்துவிடும். ஆனால் பயிற்சியால் எது சரியாகும், எது சரியாகாது என்பதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

கண் ஏன் களைக்கிறது?

தூரத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை தளர்ந்திருக்கிறது. அருகில் பார்க்கும்போது அது சுருங்கி, கண்ணின் லென்ஸைத் தடிமனாக்குகிறது. அதே நேரத்தில் இரு கண்களும் மூக்கை நோக்கிச் சற்றுத் திரும்ப வேண்டும். அதற்கு வேறு தசைகள் வேலை செய்கின்றன. சின்னப் பையையும் ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்திருந்தால் கை கடுக்கும் அல்லவா? கண்ணும் அப்படித்தான்.

இரண்டாவது காரணம் இமைப்பது குறைவது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். ஒவ்வொரு முறையும் கண்ணின் மேல் கண்ணீர்ப் படலம் புதிதாகப் பரவுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. கண் காய்ந்து எரிவது அதனால்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள்

1. இருபது, இருபது, இருபது: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் ஒன்றை, 20 விநாடிகள் பாருங்கள். அமெரிக்கக் கண் பரிசோதகர் ஜெஃப்ரி ஆன்ஷெல் பரப்பிய எளிய விதி இது. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியையோ தென்னை மரத்தையோ பார்த்தால் போதும். சுருங்கியிருந்த தசை தளரும்.

2. முழுமையாக இமைத்தல்: கண்களை மெதுவாக மூடி, இரண்டு விநாடி வைத்திருந்து, மெதுவாகத் திறக்க வேண்டும். இப்படிப் பத்து முறை செய்யலாம். இறுக்கி மூட வேண்டாம்.

3. அருகும் தூரமும்: கட்டைவிரலை ஒரு முழத் தொலைவில் நிறுத்தி ஐந்து விநாடி பாருங்கள். பிறகு தூரத்தில் ஒரு பொருளை ஐந்து விநாடி பாருங்கள். ஐந்தாறு முறை மாற்றி மாற்றிச் செய்தால் போதும்.

4. உள்ளங்கை ஓய்வு: கைகளைக் கழுவி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, மூடிய கண்களின் மேல் குழிவாக வையுங்கள். விழியை அழுத்தக் கூடாது. ஓரிரு நிமிட இருட்டும் வெதுவெதுப்பும் இதமாக இருக்கும்.

5. வெந்நீர் ஒத்தடம்: சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்கலாம். இமை ஓரத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் அடைப்பு இளகும். கண்ணீர் சீக்கிரம் காயாது.

உட்காரும் விதமும் வெளிச்சமும்

கணினித் திரை ஒரு கை நீளத் தொலைவில், அதன் மேல் விளிம்பு நம் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சமோ விளக்கோ திரையில் பளிச்சிடக் கூடாது. மின்விசிறியும் ஏசியும் நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள். படுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, செல்போனை முகத்தருகே பிடித்துப் பார்ப்பதை விட்டாலே பாதிக் களைப்பு குறையும். தையல், எம்பிராய்டரி வேலை செய்யும் பெண்களுக்கு அறை விளக்கு மட்டும் போதாது. துணியின் மேல் நேராக விழும் தனி விளக்கு வேண்டும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் அதிகம் விற்கின்றன. அவை கண் களைப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பணத்தை ஒரு முறையான கண் பரிசோதனைக்குச் செலவிடுவது மேல்.

பயிற்சியால் கண்ணாடியைக் கழற்றிவிட முடியுமா?

"இந்தப் பயிற்சியை ஒரு மாதம் செய்யுங்கள், கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்" என்ற வீடியோக்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. இது புதிய பேச்சு அல்ல. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். அவர் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்கவில்லை.

காரணம் எளிது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் விழிக்கோளமே சற்று நீண்டிருக்கும். நீண்ட விழியை எந்தப் பயிற்சியும் சுருக்காது. சீனாவில் 1963 முதல் பள்ளிகளில் கண் பயிற்சி நடத்தப்படுகிறது. ஆயினும் 2018ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி அங்கே பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதுபோல, நாற்பது வயதுக்கு மேல் குர்ஆன் ஓதும்போது எழுத்து மங்குகிறதே, அந்த வெள்ளெழுத்து லென்ஸின் நெகிழ்வு குறைவதால் வருவது. அதற்கு வாசிப்புக் கண்ணாடியே வழி.

ஒரு விதிவிலக்கு உண்டு. அருகில் பார்க்கும்போது இரு கண்களும் சரியாக உள்நோக்கிக் குவியாத குறை சிலருக்கு இருக்கும். அதற்குப் பயிற்சி நன்றாகப் பலன் தரும். ஆனால் அதைக் கண்டறிந்து, பயிற்சியைக் கற்றுத்தர வேண்டியவர் கண் மருத்துவரே.

பிள்ளைகள் விஷயத்தில் தாமதம் வேண்டாம்

பிள்ளை கரும்பலகை தெரியவில்லை என்றாலோ, டிவிக்கு அருகே போய் நின்றாலோ, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, முதலில் பரிசோதனை. மாறுகண்ணும், ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்திருப்பதும் இன்னும் அவசரமானவை. மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாமலே போய்விடும். சிறு வயதில் எளிதில் சரிசெய்யக்கூடியது, வளர்ந்தபின் கடினமாகிவிடும்.

பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் நாளைக்கு வரன் தட்டிப்போகும் என்று தள்ளிப்போடும் குடும்பங்களை நாம் இன்றும் பார்க்கிறோம். வகுப்பில் எழுத்து தெரியாமல் பின்தங்கிப் போவதும், தினமும் தலைவலியோடு வீடு திரும்புவதும் அந்தப் பிள்ளைதான். "கண்ணாடி போட்டால் பவர் ஏறும்" என்பதும் தவறு. வளரும் வயதில் விழியும் நீள்வதால் பவர் ஏறுகிறது, கண்ணாடியால் அல்ல.

கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுவது வெட்டவெளி வெளிச்சம். தைவான் அரசு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தை நடத்தியது. அதுவரை ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைபாடு அதன்பின் இறங்கத் தொடங்கியது. அஸருக்குப் பிறகு பிள்ளைகளை டியூஷனுக்கே அனுப்பாமல் விளையாடவும் விடுவோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அறிவுரை.

செய்யக் கூடாதவை

கண்ணைக் கசக்காதீர்கள், தொடர்ந்து கசக்குவது கருவிழியின் வடிவத்தையே கெடுக்கலாம். தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். கடைகளில் விற்கும் சில சுருமாக்களில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை உடனே போக்கும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

திடீர்ப் பார்வை இழப்பு, கடும் வலியோடு சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண்முன் திடீரென மின்னல் கீற்றும் கரும்புள்ளிகளும், திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைதல், பொருட்கள் இரண்டாகத் தெரிதல். இவை களைப்பு அல்ல. அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். விழித்திரை பாதிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது.

பயிற்சி களைப்பைப் போக்கும். பரிசோதனை பார்வையைக் காக்கும். இரண்டும் வேண்டும். இதைப் படித்து முடித்ததும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே 20 விநாடி பாருங்கள். அப்படியே, வீட்டில் யார் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள் என்றும் கவனியுங்கள்.