யு/ஏ என்றால் யாருக்கு? சென்சார் சான்றிதழின் கதை

எம்.ஜி.ஆர் நடித்த படத்துக்கு "வயது வந்தோருக்கு மட்டும்" என்று ஏ சான்றிதழ் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா உறவுகளே?

1951இல் வந்த மர்மயோகிதான் அந்தப் படம். தமிழில் ஏ சான்றிதழ் வாங்கிய முதல் படம் என்று சினிமா வரலாற்றில் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஆபாசமா? அதெல்லாம் இல்லை. பேய் வருவது போன்ற காட்சிகள் படத்தில் இருந்தன. அவ்வளவுதான்.

இன்றைக்கு நாம் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேய்ப் படத்துக்கு நைட் ஷோ போகிறோம். "யு/ஏ தானே, ஃபேமிலியோட பார்க்கலாம்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

அந்த யு/ஏவுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? எந்த வயதுக்கு எந்தப் படம் என்று யார் முடிவு பண்றாங்க? வாங்க, வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1918இல் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்தது. 1920இல் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், ரங்கூன் நகரங்களில் சென்சார் போர்டுகள் வந்தன. இவை போலீஸ் கமிஷனர்களின் பொறுப்பில் இருந்தன. படம் ஓடலாம் அல்லது ஓடக்கூடாது, இரண்டே முடிவுதான். குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்ற பேச்சே கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போதுதான் வயது உள்ளே வந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்றால் யு. 18 வயது நிரம்பியவர்கள் மட்டும் என்றால் ஏ. 1951இல் நாடு முழுவதுக்கும் ஒரே போர்டு. 1952இல் புதிய சட்டம். இன்றுவரை அதுதான் அடிப்படை.

இதை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இயக்குநர் கே.ஏ.அப்பாஸ். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் ஏழ்மையையும் ஆடம்பரத்தையும் காட்டும் ஆவணப்படம் எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகள் பிரச்சினையாகி ஏ கொடுத்தார்கள். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கி வந்து, வெட்டு இல்லாமல் யு தருகிறோம் என்றது. அவர் விடவில்லை, முன்தணிக்கையே செல்லுமா என்று கேட்டார். 1970இல் தீர்ப்பு வந்தது. தணிக்கை செல்லும், படங்களை யு, ஏ என்று வயதை வைத்துப் பிரிப்பதும் நியாயமே என்றது நீதிமன்றம்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. யுவுக்கும் ஏவுக்கும் நடுவில் நிற்கிற படத்தை என்ன செய்வது? 1983இல் யு/ஏ பிறந்தது. படத்தை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். இதுதான் அதன் பொருள். நாம் என்ன செய்தோம்? "யோசித்து" என்ற பாதியை விட்டுவிட்டோம்.

சரி, முடிவு எடுப்பது யார்? சென்னை உள்பட ஒன்பது ஊர்களில் வட்டார அலுவலகங்கள் இருக்கின்றன. 2024 வரை நடப்பில் இருந்த 1983 விதிகளின்படி, ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த நான்கு பேரும் ஒரு அதிகாரியும் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்கள். ஒரு காட்சியை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் மொத்தப் படத்தின் தாக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. முடிவு பிடிக்காவிட்டால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம்.

இதில் பணமும் உண்டு. 2011இல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்கான நிபந்தனைகளில் யு சான்றிதழையும் சேர்த்தார்கள். 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை யு என்ற ஒற்றை எழுத்துக்கு ரூபாய் மதிப்பு இருந்தது. அப்படி இருக்கும்போது தயாரிப்பாளர் என்ன செய்வார்? சொன்ன இடத்தில் வெட்டி, வசனத்தை மியூட் செய்து யு வாங்கவே பார்ப்பார்.

ஒரு மருத்துவராக எனக்கு யு/ஏவில் இருந்த குறை வேறு. 4 வயதுக் குழந்தையும் 11 வயதுப் பிள்ளையும் ஒரே பைக்குள். காய்ச்சல் சிரப்பையே நாங்கள் இருவருக்கும் ஒரே அளவில் கொடுப்பதில்லை. 4 வயதுக் குழந்தைக்குத் திரையில் நடப்பது நடிப்பு என்று முழுதாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 11 வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சின்னதுகள் பயத்தைச் சொல்லவும் தெரியாமல் இரவில் அலறும், தனியாகப் படுக்காது, விட்ட பழக்கமான படுக்கையில் சிறுநீர் போவதுகூடத் திரும்பலாம்.

2016இல் ஷியாம் பெனகல் குழு யு/ஏவைப் பிரிக்கச் சொன்னது. 2021இல் ஓடிடி தளங்களுக்கு 7+, 13+, 16+ என்று பிரிவுகள் வந்தன. 2023 சட்டத் திருத்தம் அதே மூன்றையும் தியேட்டர் படங்களுக்கும் கொண்டுவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏ படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால் தியேட்டர்காரர் தடுத்தாக வேண்டும், அது சட்டம். ஆனால் யு/ஏ 16+ படத்துக்கு 5 வயதுக் குழந்தையோடு போனால் யாரும் தடுக்க முடியாது. அந்த எண்ணை அமல்படுத்தும் உரிமை பெற்றோர், பாதுகாவலரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்று சட்டமே சொல்கிறது.

போலீஸ் கமிஷனரிடம் இருந்த அதிகாரம் நூறு வருடம் கைமாறிக் கைமாறி இப்போது உங்களிடம் வந்து நிற்கிறது.

அதனால் அடுத்த முறை டிக்கெட் போடும்போது யு/ஏ பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்க. வீட்டில் இருக்கும் சின்னதுக்கு எத்தனை வயசு என்று ஒரு நிமிஷம் யோசிங்க. வயது பொருந்தவில்லையா? பாட்டி வீட்டில் விட்டுட்டுப் போங்க. படம் எப்படியும் ஒரு மாசத்தில் ஓடிடிக்கு வந்துடும், குழந்தை தூங்கின பிறகுகூடப் பார்க்கலாம்.