உண்மை விசுவாசி யார்? – சட்டாம்பிள்ளை சபையின் கொள்கை

நெல்லைச் சீமைக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர், 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்துக் கிறித்தவ சபையை, உபதேசியார் ஒருவரின் மனக்கசப்பிற் பிறந்த பிளவென்று கூறிக் கடந்துவிடுவர். அம்முடிபு நமக்கு உடன்பாடன்று.

கசப்பு இருந்தது உண்மையே. பழைய நாங்குநேரி வட்டத்து இடையன்குடியில் 1841 முதல் ஊழியம் புரிந்த கால்டுவெல், 1849-இல் நாடார் சமூகத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஒப்பிலக்கணத்தால் (1856) நம் துறைக்கு ஆசானாகிய அதே கால்டுவெல்தான். அச்சமூகத்தாரின் சமயத்தைப் பேய்வழிபாடென்றும் அறிவுநிலையைத் தாழ்ந்ததென்றும் அந்நூல் சித்திரித்தது. மிஷனரியோடு பூசலுற்றுப் பணி இழந்த சட்டாம்பிள்ளையின் சினத்தை அது மூட்டிற்று.

ஆயினும் அவர் வாளா பிரிந்து போகவில்லை. உண்மைக் கிறித்தவர் யார் என்பதற்குத் தனி அளவுகோல் வகுத்தார். சனிக்கிழமையே ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுத் தூய்மை விதிகள் இன்றும் கைக்கொள்ளத்தக்கன, தொழுகையில் தூபமும் நிலத்தில் வீழ்ந்து வணங்குதலும் வேண்டும். ஐரோப்பியர் இவற்றைக் கைவிட்டு வேதத்தைத் தம் நாட்டு வழக்கோடு கலந்தனர். ஆதலின் அவர்தம் தலைமை செல்லாது என்பது அச்சபையின் துணிபு.

இங்குத்தான் நமக்கு ஐயம் எழுகின்றது. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளுதலே மெய்விசுவாசத்தின் அடையாளமாயின், விருத்தசேதனத்தைப் பிற இனத்தார்மேற் சுமத்தலாகாதென அப்போஸ்தலர் எருசலேமிற் கூடி முடிவு செய்ததை யாங்ஙனம் விளக்குவது? கலாத்தியர்க்குப் பவுல் எழுதிய நிருபம் முழுதும் இவ்வழக்கே. மேலும், ஐரோப்பியரை விலக்க இச்சபையார் சான்று காட்டிய பழைய ஏற்பாடு, தமிழில் ஐரோப்பியராற் பெயர்க்கப் பெற்றதே அன்றோ!

எனினும் வேதவிளக்கம் பிழையென்று காட்டியதனாலேயே வழக்குத் தீர்ந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஓய்வுநாள் எது என்னும் வாதத்தினுள்ளே, தம்மை எடைபோட இடையன்குடிக் குருவுக்கு உரிமை தந்தவர் யார் என்னும் வினா அடங்கியுள்ளது. மிஷனரி எழுத்துக்கள் முன்னதற்கே விடை தேடின.

புறக்குறியால் மெய்ம்மையை அளக்கும் பழக்கமும் சட்டாம்பிள்ளையோடு தோன்றியதன்று. இரேனியுஸ், நாங்குநேரியை அடுத்த டோனாவூரை ஜெர்மானியப் பிரபு டோனாவின் பொருளுதவியால் அமைத்தவர். இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறி எழுதியமையால் 1835-இல் தம் சங்கத்தாரால் அவர் விலக்கப்பெற்றார். அத்தியட்சர் கைவையாத தமிழ் ஊழியர் குருவாதல் கூடுமோ என்பதும் அன்றைய பூசலில் ஒன்று. பல சபைகள் அவரோடு பிரிந்தன. சட்டாம்பிள்ளைக்கு அப்பொழுது வயது ஏறக்குறையப் பன்னிரண்டு.