‘கொடைக்கானல்’ உடைந்து தெரிந்த காலம்



சென்ற மாதக் கூட்டத்தில் கிணற்றுப் பாதை பற்றிப் பேச்சு வந்தது. “2001-இல் பொதுக்குழு போட்ட தீர்மானம் இருக்கிறதே, அதை எடுத்துப் பாருங்கள்” என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். எடுத்தோம். காகிதப் பிரதி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பூச்சி அரித்துக் கிடந்தது. அட்டுவம்பட்டியில் இருபதுக்கு மேற்பட்ட மழைக்காலங்களைக் கண்ட காகிதம் வேறு எப்படி இருக்கும்? நல்லவேளையாக அதே தீர்மானம் ஒரு சிடியிலும் இருந்தது. அலுவலகக் கணினியில் சிடி போடும் வசதி இல்லை. ஒருவர் வீட்டிலிருந்து தனி டிரைவ் வாங்கி வந்து மாட்டித் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகள். ஆனால் ஒரு சொல்கூட ஆங்கிலம் இல்லை.

“வைரஸ்” என்றார் ஒருவர். “சிடி கெட்டுவிட்டது” என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. நாமெல்லாம் ஒரு காலத்தில் ஆசை ஆசையாகப் பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிய விண்டோஸ் போட்டோமே, அப்போது நடந்த ஒன்று இது. இந்த இதழில் வரலாறு என்றால் மலைச்சாலை, ஏரி, வெள்ளைக்காரர் பங்களா என்றுதான் எழுதி வந்திருக்கிறோம். இந்த முறை நம் வீட்டு மேஜைமேல் நடந்த வரலாற்றைப் பார்ப்போம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, அமெரிக்காவில் விண்டோஸ் 95 வெளியானது. சிடி டிரைவ் இல்லாதவர்களுக்கு 13 ஃப்ளாப்பிகளாகவும் அதை விற்றார்கள். பன்னிரண்டு ஏறி, பதின்மூன்றாவது படிக்காமல் போனால் மறுபடி முதலிலிருந்து! நம்மில் பலர் கணினியை முதலில் தொட்டது அதற்கடுத்த விண்டோஸ் 98-இல்தான். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வாங்கி, போர்வையில் சுற்றி, வத்தலக்குண்டு வழியாக மடியில் வைத்து மலையேற்றி வந்த பெட்டிகள் அவை.

அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தீர்மானத்தின் கதையே இதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் 98-க்கு ஆங்கில எழுத்து தெரியும், எண் தெரியும், சில குறிகள் தெரியும். தமிழ் வேண்டுமென்றால் ஒரு தந்திரம் செய்ய வேண்டும். ஆங்கில எழுத்து ‘ஜே’ இருக்கும் இடத்தில் ‘த’ என்ற படத்தை வைத்து ஒரு ஃபான்ட் தயாரிப்பார்கள். நீங்கள் ஜே விசையைத் தட்டினால் திரையில் ‘த’ தெரியும். கணினி மட்டும் அதை ஜே என்றே எழுதி வைத்துக்கொள்ளும். பாமினி என்ற ஃபான்ட் உங்களில் டிடிபி வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் கோப்பில் இல்லை, ஃபான்ட்டில் இருந்தது. ஃபான்ட் இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்ற மாதிரி ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும்.

இதில் ஒரே முறையாவது இருந்ததா என்றால், இல்லை. ஃபான்ட் தயாரித்த ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கினார்கள். ஒரு நாளிதழின் இணையப் பக்கத்துக்கு ஒரு ஃபான்ட், இன்னொன்றுக்கு வேறு ஃபான்ட். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும், தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் எழுதிய தமிழர்கள் பலர் அதற்கு முன்பே டிஸ்கி என்ற வேறொரு முறையில் இருந்தார்கள். ஆக, தரம் ஒன்றுக்குப் பதில் மூன்று.

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. நீல வானமும் பச்சைக் குன்றுமாக அந்தத் திரைப்படம். பார்த்ததும் “இது நம்ம ஊர் மாதிரி இருக்கே” என்று சொல்லாதவர் இந்த மலையில் குறைவு. விண்டோஸ் 98-லிருந்து நேராக இதற்கு ஏறலாம். 95-லிருந்து ஏற முடியாது. குறைந்தது 64 எம்பி நினைவகம் வேண்டும், 128 இருந்தால் நல்லது என்றார்கள். 98 அடியில் டாஸ் மேல் நின்றது. எக்ஸ்பி அப்படியில்லை, என்டி என்ற வேறு அடித்தளம். அதனால் 98-இல் ஓடிய மோடமுக்கும் ஸ்கேனருக்கும் எக்ஸ்பியில் டிரைவர் கிடைக்காமல் அலைந்த வீடுகள் உண்டு. முப்பது நாளுக்குள் ஆக்டிவேஷன் வேறு. எங்கள் வீட்டில் இணையம் அன்று வேலை செய்யவில்லை. நான் தொலைபேசியில் ஐம்பது சொச்சம் இலக்கங்களை வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொன்ன இலக்கங்களை என் மனைவி மின்சாரக் கட்டண அட்டையின் பின்பக்கம் எழுதினாள்.

இதெல்லாம் சின்ன விஷயம். தமிழருக்குப் பெரிய விஷயம் யூனிகோடு. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் அந்த முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டத் தெரிந்த முதல் விண்டோஸ், 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000. லதா என்ற தமிழ் ஃபான்ட்டும் அதிலேயே இருந்தது. ஆனால் அது அலுவலகங்களுக்கானது. வீட்டுக்கு அந்த வசதி வந்தது எக்ஸ்பியில்தான்.

வந்தது என்றாலும் உடனே வரவில்லை. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுக்காரர்கள் ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் அடிப்பார்கள். யூனிகோடில் முதலில் க, அதன் பிறகே உயிர்க்குறி. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது விண்டோஸின் வேலை. ‘டை’யிலும் அப்படியே. எக்ஸ்பியில் இந்த வேலைக்கான பகுதி தானாக நிறுவப்படாது. கண்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழி அமைப்பில் ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். செய்தால் சிடியைப் போடு என்று கேட்கும். செய்யாதவர்கள் திரையில் ‘கொடைக்கானல்’ கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாக, நடுவில் புள்ளிவட்டங்களோடு உடைந்து நிற்கும். பல வீடுகளில் அந்தச் சிடி கடைக்காரரிடமே இருந்தது. எங்கள் சிடி பீரோவில் இருந்தது. பனியில் பூஞ்சை பிடித்து, மூன்றாம் முறை துடைத்த பிறகுதான் படித்தது. டிக் செய்து, கணினியை அணைத்துப் போட்டதும் ஊர்ப் பெயர் முழுசாக வந்தது. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், “இதுக்கா கூப்பிட்டீங்க?” என்றார்.

நாங்கள் செய்த தவறு இந்த இடத்தில்தான். புதிய விண்டோஸ் போடுமுன் வட்டை ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். கணக்கு, கடிதம், தீர்மானம், புகைப்படம் எல்லாவற்றையும் கவனமாகச் சிடியில் ஏற்றினோம். ஃபான்ட் கோப்புறையை ஏற்றவில்லை. அது விண்டோஸின் சாமான், புது விண்டோஸோடு வரும் என்று நினைத்தோம். கோப்பைக் காப்பாற்றிவிட்டு எழுத்தை அழித்துவிட்டோம். எங்களைப் போல எத்தனை சங்கங்கள், கோயில் கமிட்டிகள், பள்ளிகள் செய்திருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

முறையாகச் செய்தவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. முதலில் டிஸ்கி முறையில் வைத்திருந்த நூல்களைப் பிறகு யூனிகோடுக்கும் மாற்றினார்கள். அதனால்தான் இன்று உங்கள் கைபேசியில் அவை திறக்கின்றன. அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதற்குள் அலுவலகங்களில் சேர்ந்த பழைய ஃபான்ட் கோப்புகள் கொஞ்சமா? மறு ஆண்டு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வந்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, நம் தீர்மானம். அந்த ஆங்கிலக் குப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, தலைப்பில் முகவரி இருக்க வேண்டிய இடத்தின் கடைசிச் சொல் கண்ணில் பட்டது: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தொடங்கியது. ‘தமிழ்நாடு’! அப்படியானால் பாமினி வகை. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டரில் பாமினி என்று தேர்ந்து போட்டோம். ஒரு விநாடி. 2001-இன் பொதுக்குழு எதிரே வந்து உட்கார்ந்தது. வந்திருந்தவர்கள் பெயர்கள், அவர்களில் இன்று நம்மோடு இல்லாதவர்கள், தேநீர்ச் செலவு, பிறகு நான்காம் தீர்மானம்: கிணற்றுக்குப் போகும் 6 அடிப் பாதை எல்லா வீட்டாருக்கும் பொது. நகல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

அதே சிடியில் இன்னும் ஏழு கோப்புகள் இருக்கின்றன. அவை பாமினி இல்லை. எந்த ஃபான்ட் என்று இதுவரை பிடிபடவில்லை. முதல் இரண்டு ஆண்டு வரவு செலவும் தண்ணீர்த் தொட்டி ஒப்பந்தமும் அவற்றில் இருக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால் பழைய கணினிகள் பல அதற்கு ஏறாது. உங்களில் பலர் பெட்டியையே மாற்றப் போகிறீர்கள். பழையதை எடைக்குப் போடுமுன் அதன் ஃபான்ட் கோப்புறையை ஒரு பென்டிரைவில் ஏற்றி அலுவலகத்தில் கொடுங்கள். பரணில் பழைய சிடியோ ஃப்ளாப்பியோ இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். 2000, 2001-இல் சங்கக் கடிதங்களை அடித்துக் கொடுத்த டிடிபி கடை எதுவென்று யாருக்காவது நினைவிருந்தால், தயவுசெய்து செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.