30 வயசு ஸ்போர்ட்ஸ் காருக்கு புது சஸ்பென்ஷன்: ஷாக், ஸ்பிரிங், காயில்ஓவர்... காசை எதில் போடணும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள், வண்டி வீட்டுக்கு வந்த கையோடு தேட ஆரம்பிப்பது சஸ்பென்ஷன் கிட்டைத்தான். கார் கொஞ்சம் தாழ்ந்து நிற்கணும், வளைவில் சாயக்கூடாது, பார்க்கவும் கெத்தா இருக்கணும். ஆனால் ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து கிட்டை மாட்டிய பிறகு, "இதுக்கு பழசே பரவாயில்லையே" என்று நொந்துகொள்பவர்களும் உண்டு. கிட் மோசம் என்று அர்த்தமில்லை. பல நேரம், காரில் தேய்ந்துபோன பாகம் ஒன்றாகவும் காசு கொடுத்து மாற்றிய பாகம் வேறொன்றாகவும் இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள மஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் ரோட்ஸ்டர் என்று அழைக்கப்படும் இந்த இரண்டு சீட் கார், 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. அதில் 1997 வரை வந்த முதல் தலைமுறை, அதாவது பட்டனைத் தட்டினால் ஹெட்லைட் மேலே எழும்புமே, அந்த 'என்ஏ' மாடல் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். இவ்வளவு கார்கள் ஓடுவதால், இதற்கு வெளிக் கம்பெனிகள் தயாரிக்கும் சஸ்பென்ஷன் பாகங்களும் ஏராளம். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

கார் முதலில் எப்படி இருந்தது?

எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. முதலில் 1.6 லிட்டர், பிறகு 1.8 லிட்டர் இன்ஜின். முன்னாலும் பின்னாலும் எடை கிட்டத்தட்ட சரிசமம். மஸ்டா இந்த காருக்குச் சொன்ன கொள்கை 'ஜின்பா இட்டாய்'. குதிரையும் அதில் ஏறியவனும் ஒரே உடம்பாக இருப்பது என்று அர்த்தம்.

அதனால்தான் ஸ்பிரிங்கை மஸ்டா மென்மையாகவே வைத்தது. வளைவில் கார் கொஞ்சம் சாயும். டயரின் பிடிப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை டிரைவர் உடம்பால் உணர அந்தச் சாய்வு உதவும். அதைக் குறை என்று நினைத்து முழுசாக ஒழிக்கப் பார்ப்பவர்கள், இந்த காரின் பாதி சுகத்தையும் சேர்த்தே கழற்றி எறிகிறார்கள்.

நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் பிடித்திருக்கும். பாடி சாய்ந்தாலும் டயர் ரோட்டில் ஓரளவு நேராக நிற்க இது வழி செய்கிறது. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வைத்த பிஎம்டபிள்யூ இ30 மாதிரியான கார்களில் இந்த வசதி குறைவு. அவற்றை அதிகமாகத் தாழ்த்தினால் ஆர்ம்களின் கோணம் கெட்டு, சாய வைக்கும் விசை நினைத்த அளவுக்குக் குறையாது. பழைய போர்ஷே 911-ல் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்குக் கம்பிதான். அங்கே உயரத்தை மாற்றுவது தனிக் கலை. ஆக, ஒரு காருக்குச் சொன்ன யோசனையை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

30 வருஷத்தில் என்னென்ன போயிருக்கும்?

ஷாக் மட்டும் இல்லை. ஆர்ம்களின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கும். பால் ஜாயின்ட் ஆடும். ஷாக்குக்கு மேலே இருக்கும் ரப்பர் மவுன்ட் அமுங்கியிருக்கும். பம்ப் ஸ்டாப் எனப்படும் நுரைத் தடுப்பு, தொட்டாலே தூளாக உதிரும் நிலைக்கு வந்திருக்கும். இந்த நிலையில் விலை உயர்ந்த ஷாக்கை மட்டும் மாட்டினால், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒரு கோணத்தில் போய் நிற்கும். கடினமான ஸ்பிரிங் அந்த ஆட்டத்தை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

டயரும் இதில் சேர்த்தி. மஸ்டாவே 2017-ல் ஜப்பானில் என்ஏ கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தபோது, பிரிட்ஜ்ஸ்டோனுடன் சேர்ந்து அந்தக் காலத்து 185/60 ஆர்14 அளவு டயரை மறுபடி தயாரிக்க வைத்தது. பழைய கார் பழையபடி ஓடணும்னா டயரையும் கணக்கில் எடுக்கணும் என்பது கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது. டிரெட் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன பழைய டயரோடு சஸ்பென்ஷனை மதிப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை.

புஷ்: ரப்பரா, பாலியூரித்தேனா?

ரப்பர் புஷ் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியே வரும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுங்கிக் கொடுக்கும். சத்தம் வராது, ரோட்டின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். பாலியூரித்தேன் புஷ் முறுங்காது, வழுக்கிச் சுற்றும். அதனால் சக்கரத்தின் கோணம் துல்லியமாக நிற்கும். பதிலுக்கு கிரீஸ் காய்ந்தால் கீச்சுக் கீச்சென்று சத்தம், கூடவே அதிர்வும். தினசரி ஓட்டும் காருக்கு கம்பெனி ரப்பரே போதும். டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு பாலி சரி.

இங்கே மெக்கானிக்குகள் பலர் கோட்டை விடும் ஒரு வேலை உண்டு. ரப்பர் புஷ் போல்ட்டை கார் ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் புஷ் எப்போதும் முறுங்கிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும், காரும் சரியான உயரத்தில் உட்காராது. கார் தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும் நிலையில்தான் போல்ட்டை இறுதியாக டைட் பண்ணணும். காரைத் தாழ்த்தினாலும் இதே வேலையை மறுபடி செய்யணும்.

ஷாக்: கோனியா, பில்ஸ்டீனா?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். ஷாக்கில் எண்ணெய் கசிவு தெரிந்தாலோ, காரின் மூலையை அழுத்தி விட்டதும் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் ஆடினாலோ அது முடிந்த கதை. ஆடாமல் நின்றுவிட்டது என்பதற்காக நல்ல ஷாக் என்றும் முடிவு கட்டக்கூடாது. கையால் அழுத்தும் வேகம் வேறு, பள்ளத்தில் சக்கரம் இறங்கும் வேகம் வேறு.

பழைய ஓட்டம் திரும்ப வந்தால் போதும் என்பவர்களுக்கு ஜப்பானின் கேஒய்பி போன்ற சாதாரண மாற்று ஷாக்கே போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பெயர்கள் அடிபடும்.

ஜெர்மனியின் பில்ஸ்டீன் ஷாக் ஒற்றைக் குழாய் வகை. உள்ளே எண்ணெயையும் அழுத்தமான வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருக்கும். அதனால் தொடர்ந்து வேகமாக ஓட்டினாலும் எண்ணெய் நுரைக்காது. சூட்டில் ஷாக் தளர்ந்துபோவது குறைவு. அமெரிக்காவில் மஸ்டாவே 'ஆர் பேக்கேஜ்' மியாட்டாவில் பில்ஸ்டீன் போட்டு விற்றது. குறை என்னவென்றால், சாதாரண மாடல்களில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. கடைசியில் எந்த ஸ்பிரிங் போடப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு பண்ணணும்.

நெதர்லாந்தின் கோனி ஸ்போர்ட், அந்த மஞ்சள் கலர் ஷாக், இதற்கு நேர்மாறு. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பும் வேகத்தை எவ்வளவு கட்டுப்படுத்தணும் என்பதை திருகி மாற்றலாம். மென்மையான ஸ்பிரிங்கோடும் ஒத்துப்போகும், நாளைக்கு கொஞ்சம் கடினமானது போட்டாலும் சமாளிக்கும். (கோனி 1857-ல் தொடங்கியது குதிரை வண்டிக்கான சேணப் பொருள்கள் செய்யும் கடையாக. 'குதிரையும் வீரனும்' காருக்குப் பொருத்தம்தான்!) ரோட்டில் மட்டும் ஓட்டும் பழைய மியாட்டாவுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் கோனி ஒரு படி மேல். வார இறுதியில் டிராக்குக்குப் போகிறவருக்கு பில்ஸ்டீன்.

தாழ்த்தும் ஸ்பிரிங்: இங்கதான் ஆபத்து

கிட்களிலேயே அதிகம் விற்பதும், அதிகம் ஏமாற்றுவதும் 'லோயரிங் ஸ்பிரிங்' மட்டும் வாங்கிப் போடுவதுதான். விலை குறைவு, கார் அழகாகத் தாழும். ஆனால் கார் 3 செ.மீ. தாழ்ந்தால், சஸ்பென்ஷன் அமுங்குவதற்கு இருந்த இடமும் அதற்கேற்ப குறையும். முதல் தலைமுறை மியாட்டாவில் அந்த இடம் ஏற்கெனவே கம்மி, குறிப்பாக பின்பக்கம்.

விளைவு? வளைவில் போகும்போது ஒரு சின்ன மேடு வந்தால் போதும். ஷாக் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். முட்டிய அந்த நொடியில் பின்பக்கம் திடீரென்று பல மடங்கு கடினமாகிறது. டயர் பிடிப்பை இழந்து வால் வெளியே வீசும். இது 1990-களின் பின்சக்கர டிரைவ் கார். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்ற காப்பாற்றும் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. ஏபிஎஸ் கூட எல்லா காரிலும் இல்லை. ஈரமான மலைப்பாதையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சஸ்பென்ஷன் கடினமாகிவிட்டது என்று ஓனர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் கார் பாதி நேரம் நுரைத் தடுப்பின் மேலேயே சவாரி செய்துகொண்டிருக்கும்.

இதற்கு மியாட்டா மெக்கானிக்குகள் கண்டுபிடித்த வழி எளிமையானது. இரண்டாம் தலைமுறை 'என்பி' காரின் மேல் மவுன்ட் ஷாக் அமுங்க கூடுதல் இடம் தரும். அதைப் பழைய காரில் மாட்டி, புதிய பம்ப் ஸ்டாப்பும் போடுகிறார்கள். பளபளப்பான கிட்டில் கிடைக்காத நன்மை இந்த மலிவான பாகத்தில் கிடைக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பிரிங்கின் கடினத்தை இரண்டு மடங்காக்கினால், கார் ஆடும் வேகம் சுமார் 1.4 மடங்காகும். அதை அடக்க ஷாக்கின் இறுக்கமும் அதே 1.4 மடங்கு தேவை. கம்பெனி ஷாக்கிடம், அதுவும் லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஷாக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மேடு ஏறி இறங்கிய பிறகும் கார் துள்ளிக்கொண்டே போவது இதனால்தான்.

காயில்ஓவர் யாருக்கு?

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே யூனிட்டாக, உயரத்தை மரை சுற்றி மாற்றும்படி வருவது காயில்ஓவர். உண்மையில் மியாட்டாவின் கம்பெனி சஸ்பென்ஷனிலும் ஷாக்கைச் சுற்றித்தான் ஸ்பிரிங் இருக்கிறது. கூடுதலாகக் கிடைப்பது மரையும் ஷாக் உடலின் வடிவமும்தான். நல்ல காயில்ஓவரில் ஷாக்கின் நீளமே தாழ்ந்த காருக்கு ஏற்றபடி குறைக்கப்பட்டிருக்கும். அதனால் கார் தாழ்ந்தாலும் அமுங்க இடம் மிஞ்சும். ஸ்வீடனின் ஓலின்ஸ், மியாட்டாவுக்கென்றே வடிவமைத்த அமெரிக்காவின் ஜைடா போன்றவை இந்த ரகம். விலையும் ஆயிரக்கணக்கான டாலர்.

விலை மலிவான காயில்ஓவர்களில் 'முப்பது நிலை அட்ஜஸ்ட்மென்ட்' என்று விளம்பரம் வரும். திருகினால் கிளிக் கிளிக் என்று சத்தம் வரும். உள்ளே பெரிய வித்தியாசம் வருகிறதா என்பது வேறு கேள்வி. நல்ல ஷாக்கோடு பொருத்தமான ஸ்பிரிங் சேர்ந்த சாதாரண செட், மலிவு காயில்ஓவரை ரோட்டில் எளிதாக ஜெயிக்கும்.

உயரத்தை மாற்றும் வசதியே சிக்கலாவதும் உண்டு. ஒரு மூலையை மட்டும் ஏற்றினால், அந்தச் சக்கரத்தின் மேலும் அதற்கு எதிர்மூலை சக்கரத்தின் மேலும் எடை கூடும். நான்கு கால் நாற்காலியில் ஒரு காலை நீட்டியது மாதிரி. பிறகு கார் இடது வளைவில் ஒரு மாதிரியும், வலது வளைவில் வேறு மாதிரியும் திரும்பும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை மெஷின் வைத்துச் சரிபார்க்கும் கடை பக்கத்தில் இல்லையென்றால் காயில்ஓவர் வாங்குவதில் பாதிப் பயன் வீண்.

ஸ்டெபிலைசர் பார்

சாய்வை மட்டும் குறைக்கணும்னா செலவு குறைந்த வழி இது. கம்பியின் விட்டம் கொஞ்சம் கூடினாலே வேலை செய்யும். காரணம், முறுக்கத்தை எதிர்க்கும் பலம் விட்டத்தின் நான்காவது மடிப்பில் ஏறும். 10 சதவிகிதம் தடித்தால் கிட்டத்தட்ட 46 சதவிகிதம் பலம் கூடும். முன்னால் மட்டும் தடித்தால் கார் வளைவில் வெளியே தள்ளும். பின்னால் மட்டும் தடித்தால் வால் ஆடும். ரோட்டில் ஓட்டுபவர்கள் பின்பக்க பாரை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

காசு எந்த வரிசையில்?

முதலில் டயர், பால் ஜாயின்ட், புஷ். பிறகு வீல் அலைன்மென்ட். இந்த காரில் முன்னும் பின்னும் சக்கரக் கோணத்தை மாற்றும் போல்ட்கள் உண்டு. துருப்பிடித்து புஷ் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அறுத்துத்தான் எடுக்கணும், அதற்கும் பட்ஜெட் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடித்துவிட்டு காரை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால், பலருக்கு ஷாக் தவிர வேறெதுவும் தேவைப்படாது. கிட் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

ஜெர்மனியில் சஸ்பென்ஷனை மாற்றினால் சான்று பெற்ற பாகம் போட்டு, ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கணும். ஜப்பானின் 'ஷாக்கென்' சோதனையில் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்துக்குக் குறையக்கூடாது.

எம்எக்ஸ்-5 இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. ஆனால் இங்கே வேறு பழைய கார்களைத் தாழ்த்துபவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் தந்த விவரக்குறிப்புக்கு மாறும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தேய்ந்த ஷாக்குக்குப் பதில் கம்பெனி அளவிலேயே புது ஷாக் போடுவது பராமரிப்பு. காரை வெட்டித் தாழ்த்துவது அந்தக் கணக்கில் வராது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.