மோவா: ஒரு சொல்லும் ஓர் அழிவும்

நியூசிலாந்தில் மனிதர் குடியேறியது ஏறத்தாழ கி.பி. 13ஆம் நூற்றாண்டில். கிழக்குப் பாலினீசியத் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்தோர் கண்டது, வௌவாலைத் தவிர நிலவாழ் பாலூட்டிகளே இல்லாத நாடு. அங்கே பறக்கவியலாப் பெரும்பறவைகள் ஒன்பது இனங்களாக வாழ்ந்தன. அவற்றுள் மிகப் பெரியதன் பெட்டை 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடையது. வந்தோர் அதற்கு இட்ட பெயர் ‘மோவா’. பாலினீசிய மொழிகள் பலவற்றில் அச்சொல்லுக்குக் கோழி என்பதே பொருள். புதிய உயிருக்குப் பழைய சொல்லைச் சூட்டுவது குடிபெயர்ந்தோர் மொழிகளில் காணும் இயல்பு.

மோவா முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் ஆகும். அது இடும் முட்டைகளோ சில. வேட்டையாடியோர் பறவையையும் கொன்றனர், முட்டையையும் எடுத்தனர், காட்டுக்கும் தீயிட்டனர். வைராவ் பார் என்னும் தொல்குடியிருப்பில் இறந்தோருடன் மோவா முட்டைகளும் புதைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் ஒன்பது இனங்களும் அற்றுப்போயின. மோவாவை இரையாகக் கொண்ட ஹாஸ்ட் கழுகும் உடன் மறைந்தது. அதன்பின் மக்கள் மீனையும் சிப்பியையும் பயிரையுமே பெரிதும் நம்பி வாழ்ந்தனர்.

அன்று அத்தீவுகளின் மக்கள்தொகை மிகச் சிறிது. ஓர் இனத்தை அழிக்கப் பெருங்கூட்டம் தேவையில்லை என்பதே இதனால் பெறப்படும் பாடம். பறவை மறைந்தது, சொல் மறையவில்லை. மீளாது தொலைந்ததைச் சுட்டும் மாவோரி முதுமொழிகளில் ‘மோவா’ இன்றும் வாழ்கிறது.