காகிதத்தில் காலியான தீவு

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குத் தெரிவது நீலக்கடல் ஒன்றே. குறுக்கே நாடில்லை, நகரமில்லை. 1942இல் உப்பளப் போராட்டத்தால் வெள்ளையராட்சியைக் கலக்கிய அவ்வூருக்கு, இன்று புதுப்பெயர் தேடித் தந்திருப்பது அந்தக் கடல்வெளிதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிச் செலுத்தப்படும் ஏவுகலம் இலங்கையின் மேல் பறந்துவிடாதபடி வளைந்து செல்ல வேண்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்து செல்வதற்கு அந்தத் தொல்லை இல்லை. அதனாலேயே 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர். நாள் கோள் பார்த்து நடுங்கிய நாட்டில், கோளை நோக்கிக் கலம் செலுத்தும் காலம் வந்தது குறித்து மகிழ்கிறோம்.

ஆனால் தோழர்களே, அந்தத் தெற்குக் கடலிலே, சற்று மேற்கே சாய்ந்து, ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் தொலைவிலே, ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. சாகோஸ் என்பது அதன் பெயர். அதில் பெரிய தீவு டியேகோ கார்சியா. 'இங்கே குடிமக்கள் என்று எவருமில்லை' என அத்தீவைப்பற்றி ஒரு வல்லரசு ஏட்டிலே எழுதிற்று. எழுதியபின், எழுதியது மெய்யாக வேண்டுமே என்பதற்காக, இருந்த மக்களை விரட்டிற்று! அந்தக் கொடுமையின் வரலாற்றையே இங்கு கூற விழைகிறோம்.

தென்னையும் தேய்ந்த உழைப்பும்

அறுபதுக்கும் குறையாத சிறு தீவுகள்; எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் நிலம். பவளப் பாறைகள்மீது படிந்த மணல்; கடல் மட்டத்துக்குமேல் சில அடி உயரம். டியேகோ கார்சியா, நடுவிலே அமைதியான நீர்ப்பரப்பை அணைத்துக்கொண்டு வளைந்து கிடக்கிறது. பெரும் கப்பல்கள் புயலுக்கு அஞ்சாது தங்கத்தக்க இடம். அந்த நல்வாய்ப்பே அதன் மக்களுக்குத் தீவாய்ப்பாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் அங்கே தென்னந்தோப்புகள் அமைத்தனர். உழைக்க ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கினர். 1814இல் மொரீசியசும் அதைச் சார்ந்த தீவுகளும் பிரிட்டன் கைக்கு மாறின. 1835இல் அடிமைமுறை சட்டத்திலே ஒழிந்தது. ஒப்பந்தக்கூலி என்னும் புதுப்பெயரோடு இந்தியத் தொழிலாளர் வந்தனர். தென்னாட்டாரும் அவர்களுள் உண்டு. தேங்காய் உரிப்பதும், கொப்பரை உலர்த்துவதும், கழுதைகள் சுற்றும் செக்கிலே எண்ணெய் ஆட்டுவதும் அவர்தம் தொழில். கூலியின் ஒரு பகுதி அரிசியாக அளக்கப்பட்டது. 'எண்ணெய்த் தீவுகள்' என்றே அவற்றுக்குப் பெயர் வழங்கிற்று. மொரீசியசின் விளக்குகளிலே எரிந்தது இவர்களின் வியர்வை என்று சொன்னாலும் தவறாகாது.

அத்தீவு எத்தகைய ஒதுக்கிடம் என்பதற்குத் தமிழகம் அறிந்த ஒரு சான்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததே ஜெர்மானியரின் எம்டன் கப்பல். ஆளைச் சுட்டும் சொல்லாக இன்றும் நம் நாவில் வாழ்கிறதே, அந்த எம்டன், அக்டோபரிலே டியேகோ கார்சியாவுக்குச் சென்று நிலக்கரி ஏற்றிக்கொண்டது. போர் மூண்டு இரண்டு திங்கள் கடந்திருந்தும் தீவினர்க்குச் செய்தி எட்டவில்லை. பகைக்கப்பலை விருந்தினராக வரவேற்றனர். தோட்ட மேலாளரின் விசைப்படகைச் செப்பனிட்டுக் கொடுத்து விடைபெற்றனர் ஜெர்மானியர்!

இப்படி ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தனர். தமக்கென ஒரு கிரியோல் மொழி, தமக்கென ஒரு பாட்டு, தம் முன்னோர்க்குக் கல்லறை. ஊரென்பதற்கு இன்னும் என்ன வேண்டும்?

ஆட்சி உண்டு, மக்கள் இல்லை!

அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலிலே படைத்தளம் தேவைப்பட்டது. மொரீசியசோ விடுதலையின் வாயிலிலே நின்றது. குடியேற்ற நாட்டைத் துண்டாடிவிட்டு விடுதலை தருவது முறையன்று என 1960இலேயே ஐக்கிய நாடுகள் மன்றம் அறிவித்திருந்தது. அறிவித்தால் என்ன? 1965 நவம்பர் 8ஆம் நாள் சாகோசைப் பிரித்தெடுத்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்று பெயரிட்டது பிரிட்டன். மொரீசியசுக்கு 30 இலட்சம் பவுன் விலை தரப்பட்டது. 1966 டிசம்பர் 30இல் அமெரிக்காவோடு உடன்படிக்கை. நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகளுக்காகப் பிரிட்டன் தரவேண்டிய தொகையிலே 1 கோடியே 40 இலட்சம் டாலர் கமுக்கமாகத் தள்ளுபடி!

மக்களை என்ன செய்வது? நிலையான குடிகள் உள்ள நாடென்றால் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவர்தம் உரிமைபற்றிக் கேள்வி எழும். ஆகவே, பாட்டன் பூட்டன் காலந்தொட்டுப் பிறந்து வளர்ந்தோரை 'ஒப்பந்தத்தின்பேரில் வந்துபோகும் கூலிகள்' என்று குறித்துக்கொண்டனர். பேனாவின் ஒரு கீற்றிலே பிறந்தகம் பறிபோயிற்று.

1967இல் தென்னந்தோட்டங்களை அரசே விலைக்கு வாங்கிற்று. மருத்துவத்துக்காக மொரீசியஸ் சென்றவர்களைத் திரும்பிவரக் கப்பலில் ஏற்ற மறுத்தனர். உணவுப் பண்டம் வருவது குறைந்தது. 1971இல் டியேகோ கார்சியாவிலே, மக்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிகளின் புகையைச் செலுத்திக் கொன்றனர். எந்தக் கொட்டகையில் உழைத்தார்களோ, அந்தக் கொட்டகையில்! பிறகு மனிதர்களைக் கப்பலேற்றினர். 1973க்குள் கடைசித் தீவும் வெறுமையாயிற்று. ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர், மொரீசியசிலும் செஷல்சிலும் வேலையற்ற ஏழைகளாகக் கரையிறக்கப்பட்டனர்.

இனி அந்த ஆட்சியின் அழகைப் பாருங்கள். ஆணையர் ஒருவர் உண்டு, இருப்பது இலண்டனில். சட்டமன்றம் இல்லை, ஆணையரே சட்டம் செய்வார். வாக்காளர் இல்லை, ஆதலால் தேர்தல் இல்லை. தபால்தலை மட்டும் உண்டு! பொருளாதாரமாவது? தென்னையும் செக்கும் மறைந்தன, படைத்தளமே தொழில். ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் குண்டு சுமந்த வானூர்திகள் அங்கிருந்தே கிளம்பின.

விரட்டப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. ஒலிவியே பான்கூல்த் என்னும் சாகோஸ் மகன் தொடுத்த வழக்கில், 2000 நவம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு ஆதாரமான சட்டம் செல்லாது என்றது. 2004இல், நாடாளுமன்றத்தைக் கேளாமலே, அரசியாரின் ஆணை என்னும் பழைய ஆயுதத்தால் தடை மீண்டும் வந்தது. 2008இல் மேல்சபை நீதிபதிகள் ஐவரில் மூவர் அரசின் பக்கம் நின்றனர். 2019 பிப்ரவரி 25இல் அனைத்துலக நீதிமன்றம், சாகோசைப் பிரித்தது முறையன்று என 13க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்தது. ஐக்கிய நாடுகள் பேரவையில் 116 நாடுகள் அதன் பக்கம், எதிர்த்தவை 6. 2025 மே 22இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: தீவுகளின் இறையாண்மை மொரீசியசுக்கு, டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்கு. அங்கே பிறந்தோரைக் கலந்து பேசினீர்களா என்று சாகோஸ் மக்களில் பலர் கேட்டனர். விலை பேசுவோர் மேசையிலே, விலைபோன மண்ணின் பிள்ளைகளுக்கு இன்னும் நாற்காலி இல்லை.

தமிழர் கண்ட டியேகோ கார்சியா

இது எங்கோ நடந்த கதை என்று எண்ணவேண்டாம். 2021 அக்டோபரில், ஈழத்தமிழர் 89 பேர் ஏறிவந்த படகு நடுக்கடலிலே தத்தளிக்க, அவர்களை டியேகோ கார்சியாவிலே கரைசேர்த்தனர். அவருள் குழந்தைகளும் இருந்தனர். புகலிடம் கேட்ட முதல் மனிதர்களை என்ன செய்வதென்று அந்த ஆட்சிக்குத் தெரியவில்லை. மக்களே இல்லாத நாடு என்றல்லவா எழுதிவைத்திருந்தார்கள்! வேலியிட்ட கூடாரங்களிலே மூன்றாண்டு கழிந்தது. சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றனர். 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்; அதே திங்களில், அவர்களை அடைத்துவைத்தது சட்டத்துக்கு மாறானது என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அன்று செக்காட்டச் சென்ற கூலியின் பெயரும் ஏட்டில் இல்லை. இன்று உயிர்காக்கச் சென்ற தமிழனுக்கும் ஏட்டில் இடமில்லை.

கோயில் கல்வெட்டிலே கொடுத்த மன்னன் பெயர் உண்டு; கல் சுமந்தவன் பெயர் எங்கே? ஏட்டில் இல்லாதவனை 'இல்லாதவன்' என்றே ஆக்கிவிடும் வித்தையை இலண்டன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நாமும் நெடுங்காலம் பழகியதுதான் அது. 'தலைவிதி' என்று நம்மவர் அதற்குப் பெயர் வைத்தனர். 'அரசாணை' என்று அவர்கள் வைத்தனர். இரண்டையும் எழுதியது மனிதன் கையே. மனிதன் எழுதியதை மனிதனே திருத்த இயலும். சாகோஸ் மக்கள் ஐம்பதாண்டாக அதைத்தான் செய்துவருகின்றனர்.

குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கென 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாகோசையும் இதையும் ஒன்றெனக் கூற நாம் வரவில்லை. அது ஆதிக்கத்தின் கொள்ளை, இது அறிவியலின் பணி. ஆயினும், அறிவியலின் பணி ஆதிக்கத்தின் கணக்குமுறையைக் கைக்கொள்ளலாகாது. தேரிக்காட்டுப் பனையேறியும், மணப்பாட்டு மீனவரும், உப்பளத் தொழிலாளியும் திட்ட ஏட்டின் முதல் பக்கத்தில் இடம்பெறவேண்டும். கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் அல்ல. இளைஞர்கள் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். 'இங்கே எவருமில்லை' என்ற வரி எங்கேனும் தென்பட்டால், நேரில் சென்று பார்த்து, இருப்போர் பெயரை உரக்கப் படிக்கட்டும்.